வளைவில் சிந்தாத தேத்தண்ணி

அடுப்படிக் குசினியின் பழைய கதவை இரண்டு நாற்காலிகள் மேல் மல்லாத்திப் போட்டு, அதில் நான் சோக்குக் கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. ஹட்டன் மழையைப் பற்றி ஹட்டன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

என் வீட்டுக்காரி பாக்கியம் எதிரே மணையில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு போஞ்சியை ஒடித்தாள். கதவைப் பார்த்தாள். இன்னொன்றை ஒடித்தாள். மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

"இது என்னாங்க?"

"வட்டகொடை ஸ்டேசன்."

"இது?"

"பிளாட்பாரம்."

"இந்தா, வளைஞ்சு வளைஞ்சு போவுதே, இது?"

"அதான் புள்ள பெரிய வளைவு. ஒனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதுனாலதான் கேக்கிறேன். வளைவு இருக்கு. எங்க லயம் எங்க?"

நான் சோக்கைக் கீழே வைத்தேன். அவள் பிறந்து வளர்ந்த லயம், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, அந்த வளைவின் மடியில் இருந்தது. என் கோடு அந்த மடி வழியாகத்தான் போயிருந்தது.

"இடமில்ல" என்றேன்.

"ரயிலுக்கு இடமிருக்கு. எங்களுக்கு இல்லியா?"

அதோடு அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போடவில்லை. கடித்துக் குடிக்கக் கருப்பட்டித் துண்டும் வரவில்லை. இத்தனை வருசம் கூட வாழ்ந்தவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் இல்லாத தண்டவாளம்

கதவில் ரயில் விடும் பைத்தியம் இந்தக் கிழவனுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வந்தது குவைத்திலிருந்து.

எங்கள் மகள் ராணி அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போன தடவை அவள் அனுப்பிய பெட்டியில் சவர்க்காரம், பால்மா, அவள் அம்மாவுக்கு முழங்காலில் தேய்க்கும் எண்ணெய். எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றிய ஒரு ரயில். ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி, தண்டவாளத் துண்டுகள், கரண்டில் சொருகும் ஒரு சின்னப் பெட்டி. தண்டவாளம் என் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும்.

போனில் சிரித்தாள். "அந்த வீட்டுப் புள்ளைங்க வளந்துட்டாங்கப்பா. குப்பையில போடச் சொன்னாங்க. எனக்கு ஒங்க ஞாபகம் வந்துச்சு. கேட்டு வாங்கிட்டேன்."

அன்றைக்கே தரையில் பூட்டி ஓட்டினேன். ரயில் வட்டமாகப் போனது. மறுபடியும் வட்டமாகப் போனது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஸ்டேசன் இல்லை, வாய்க்கால் இல்லை, ஏற்றம் இல்லை. எந்த ஊருக்கும் போகாத ஒரு தண்டவாளத்தை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

"இதுக்கு ஒரு ஊரு வேணும்" என்றேன்.

"ஒங்களுக்கு ஒரு வேல வேணும்" என்றாள் பாக்கியம்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மருமகள் சாந்தி. நான் ரெண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் என்பதை இந்தப் பத்திரிகையில் போன வாரங்களிலேயே சொல்லிவிட்டேன். அத்தை சொன்னதையும் போடவா மாமா என்று கேட்கிறாள். போடு. அவள் சொன்னது சரிதான்.

அந்த ஊர் வட்டகொடை என்று தீர்மானிக்க எனக்கு ஒரு நிமிசம்கூடப் பிடிக்கவில்லை. ரயில்பாதை பழுதுபார்க்கும் வேலையில் நான் அதிக காலம் கிடந்தது அங்கேதான். தலவாக்கலையைத் தாண்டினால் வரும் சின்ன ஸ்டேசன். சின்ன கதவுக்குச் சின்ன ஸ்டேசன்தானே பொருந்தும்?

சட்டைப் பையில் நாலு கல்

என்னைப் பாதை வேலைக்கு எடுத்தபோது எங்கள் கேங்குக்குப் பெரியவர் பியசேன மாத்தயா. சிங்களவர், மாத்தயா என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. நல்ல மனுசன், ஆனால் குரல் மட்டும் எஞ்சின் விசில். முதல் நாள் என்னைப் பார்த்து "எண்ணத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நூறு வரைக்கும் தெரியும் மாத்தயா."

"போதும். நூறு வந்தா ஒரு கல்ல எடுத்துப் பையில போடு. திரும்ப ஒன்னுலேருந்து ஆரம்பி."

ஏன் எண்ண வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. முதல் மூடுபனியில் விளங்கிவிட்டது. அங்கே பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. "வாய்க்காலிலிருந்து நூத்திப் பன்னிரண்டாவது கட்டை ஆடுது, போய்ப் பாரு" என்பார். மரமும் தெரியாது, கம்பமும் தெரியாது. தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டை மட்டும்தான் காலுக்குத் தெரியும். காலால் எண்ணிக்கொண்டு போய் நின்றால் சரியாக அந்தக் கட்டை காலடியில் ஆடும்.

தப்பாக எண்ணினால் பியசேன மாத்தயா அடிக்க மாட்டார். திருப்பி அனுப்புவார். "ஹரியட்ட கணன் கரபன்!" ஒழுங்காக எண்ணுடா என்று அர்த்தம். அந்தக் குளிரில் திரும்ப முதல் கட்டையிலிருந்து வருவதற்கு அடி வாங்கிவிட்டுப் போகலாம்.

அப்படிப் பழகிய பிறகு எனக்கு அடிக்கணக்கு, மைல்கணக்கு எல்லாம் மறந்துவிட்டது. எதையும் கட்டைக்கணக்கில்தான் நினைப்பேன். எனக்குக் கல்யாணம் பேசப் புறப்பட்ட எங்கள் ஆட்கள் பெண் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, ஸ்டேசனிலிருந்து அறுநூத்தி நாற்பத்தெட்டுக் கட்டை என்று சொல்லியிருக்கிறேன். பெண் பாக்கியம்தான். வளைவு தாண்டினால் அவர்கள் லயத்துக்கு இறங்கும் படி.

அவளை முதலில் பார்த்ததும் அந்தப் படிக்குக் கீழே இருந்த பீலிக்கரையில். மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் இடத்தைத்தான் பீலி என்போம். நாங்கள் கேங்கோடு தண்ணி குடிக்கப் போனோம். குடத்தை நகர்த்த மாட்டேன் என்று நின்றாள். "கவர்மெண்டு ஆளுன்னா வரிசை கெடையாதா?" என்றாள். பியசேன மாத்தயாவே சிரித்துவிட்டு வரிசையில் நின்றார்.

இது வேறு கதை. கதவுக்கு வருகிறேன்.

எதை விடுவது, எதை வைப்பது

ஒரு ஸ்டேசனை ஒரு கதவுக்குள் அடக்குவது லேசு இல்லை. மூன்று நாள் அதற்கே போனது.

கிரேட் வெஸ்டர்ன் மலையை விட்டேன். அதைக் கதவில் வைத்தால் கூரை முட்டும். குட்ஸ் ஷெட்டைப் பாதியாக்கினேன். ஸ்டேசன் மாஸ்டர் வீட்டை விட்டேன். அவர் எந்நேரமும் ஸ்டேசனில்தான் இருப்பார். கதவின் மறுகோடியில் பாதை மறைவதற்கு ஒரு பால்மா டின்னை வெட்டிக் கவிழ்த்தேன். ரயில் அதற்குள் போனால் வேறு ஊருக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேயிலை மலைக்கு மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. காலையில் வடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் காயவைத்துப் பசை தடவித் தூவினால் மண் மாதிரியே இருக்கும். இந்த ஊரில் அது ஒன்றுக்குத்தான் பஞ்சமில்லை.

வட்டமாகப் பூட்டாமல், கதவின் முன்விளிம்பில் ஸ்டேசன், அப்படியே நேர்ப்பாதை, பக்கத்தில் பெரிய வளைவு, திரும்பிப் பின்விளிம்பு வழியாக டின்னுக்குள் என்று யோசித்தேன். லாட வடிவம். அதுதான் நிஜத்திலும் உள்ளது.

ஆனால் எவ்வளவு நேர், எவ்வளவு வளைவு? அதற்குத்தான் என் கட்டைக்கணக்கு. பிளாட்பாரம் முடிகிற இடத்திலிருந்து வளைவு தொடங்கும் வரை இருநூத்தி நாற்பது கட்டை. அதற்கு மூன்று நேர்த்துண்டு வைத்தேன். அதாவது எண்பது கட்டைக்கு ஒரு துண்டு. வளைவு நானூத்தி எட்டு. எண்பதால் வகுத்துப் பாருங்கள், ஐந்து துண்டு வரும். சாந்தியும் போனில் தட்டிப் பார்த்து, ஐந்து என்றாள்.

ஐந்து வளைவுத் துண்டைப் பூட்டினேன். நாலாவது துண்டில் பாதை அழகாகத் திரும்பிப் பின்விளிம்பைப் பார்த்தது. ஐந்தாவது அதை உள்ளே இழுத்து, கதவின் நடுவே குறுக்காகக் கொண்டுபோனது. நடுவில் ஒரு சாண் இடம்கூட மிஞ்சவில்லை.

நடுவில்தான் பாக்கியத்தின் லயம் இருக்க வேண்டும்.

அந்த லயம் இப்போது நிஜத்திலும் இல்லை. ஒரு பெருமழைக்குப் பிறகு மலையில் வெடிப்புக் கண்டது. மண் சரியும் என்று ஆட்களை எழுப்பி மேலே வேறு இடத்தில் குடி வைத்தார்கள். நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுவரை இடித்துத் தள்ளிவிட்டார்கள். எட்டுக் குடும்பத்துக்கு எட்டுக் காம்பரா அறைகள் இருந்த இடம் இன்றைக்குப் புல். பாக்கியத்திடம் அந்த லயத்தின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் யார் லயத்தைப் படம் பிடித்தார்கள்? துரை பங்களாவைத்தான் பிடித்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்தாவது துண்டைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நான் எண்ணின எண்ணிக்கை அது. என் எண்ணிக்கையை நம்பி அந்த வளைவில் எத்தனை ரயில் போயிருக்கிறது! பெஞ்சாதி முகம் சுளிக்கிறாள் என்று பாதையைக் குறைக்கலாமா?

சாந்தி சமாதானம் பேசினாள். "மாமா, இது வெளையாட்டு ரயிலுதானே. ஒரு துண்ட எடுத்துட்டா என்ன?"

"வெளையாட்டுக்குக்கூடப் பொய்ப் பாதை போட மாட்டேன்" என்றேன்.

உள்ளே சட்டி ஒன்று வேண்டுமென்றே விழுந்த சத்தம் கேட்டது.

நான் நடந்தவ

நாலாம் நாள் காலை. மழை விட்டிருந்தது. நான் கதவோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னோடு பேச வேறு ஆள் இல்லை. "நேர் இருநூத்தி நாப்பது. வளைவு நானூத்தி எட்டு..."

"பொய்" என்றது குசினி.

மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கோபம் வருவதற்குப் பதில் சந்தோசம் வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"என்னா பொய்?"

கையில் எனக்கான தேத்தண்ணிக் கோப்பையோடு வாசல்படியில் வந்து நின்றாள். "அந்த நேர்ப்பாதைய மாதிரி ரெண்டு மடங்கா வளைவு? அவ்வளவு நீளமெல்லாம் இல்ல."

"நான் எண்ணினவன்."

"நான் நடந்தவ."

அப்போதுதான் சொன்னாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அப்பா குட்ஸ் ஷெட்டில் தேயிலைப் பெட்டி ஏற்றுவார். தினமும் பத்து மணிக்கு மூடியில்லாத தூக்குப் பேணியில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது இவள் வேலை. படியேறி, வளைவு முழுக்க நடந்து, நேர்ப்பாதை தாண்டி ஸ்டேசன்.

"வளைவு முடியுற வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தாது. நேர்ப்பாதைக்கு வந்தாத்தான் சிந்தும். எங்கப்பா ஏசுவாரு. பாதித் தேத்தண்ணிய ரயில்பாதைக்கு ஊத்திட்டு எனக்கு என்னாடி கொண்டாந்தேன்னு."

"ஏன், நேர்ப்பாதையில பேய் தள்ளுச்சா?"

"பேயி இல்ல, கட்ட! வளைவுல கட்ட கால் வச்சா கால் வைக்கிற தூரத்துல கெடக்கும். நடந்தாலே போதும். நேர்ப்பாதையில எட்டாது. தாவணும். இந்தாப் பாருங்க..."

சொல்லிக்கொண்டே சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். அடுத்த கையில் கோப்பை. சிமெந்துத் தரையில் ஒரு தாவு. இன்னொரு தாவு. மூன்றாவது தாவில் என் தேத்தண்ணி பாதி தரையில்.

"அய்யோ அத்தை!" சாந்தி அறையிலிருந்து ஓடி வந்தாள். "நேத்துத்தானே முட்டிக்கு எண்ண தேச்சு விட்டேன்!"

"நீ சும்மா இரு. இப்ப வளைவு." பாக்கியம் திரும்பி, எட்டு வயசுப் பிள்ளை மாதிரி குட்டிக்குட்டியாக எட்டு வைத்து என்னிடம் நடந்து வந்தாள். கோப்பையில் அலைகூட அடிக்கவில்லை. மீதித் தேத்தண்ணியை என் கையில் கொடுத்தாள்.

"எண்ணினீங்களாம்" என்றாள்.

நான் அந்தக் கோப்பையைப் பிடித்தபடியே நின்றேன். என் கெண்டைக்கால் பழைய வலியில் வலித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்த வளைவில் கட்டைக்கடியில் கருங்கல் இடித்துச் செருகும்போது கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பிக்காசு சரியாக இறங்காது. வழுக்கி வந்து காலில் அடிக்கும். அங்கே கட்டை நெருக்கம். நெருக்கித்தான் போட வேண்டும். வளைவில் ரயில் பாதையை வெளியே தள்ளும், கட்டை நெருங்கிக் கிடந்தால்தான் தாங்கும். இதைப் பியசேன மாத்தயா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நெருக்கிப் போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

கட்டையை எண்ணினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கட்டைக்கு நடுவே இருக்கும் தூரத்தைத்தான் எண்ணவில்லை. அடிக்கோலால் அளந்தவன் எவனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். காலால் எண்ணினவனுக்குத்தான் இது வரும்.

"சாந்தி, வளைவுல நூறு கட்டைக்கு ஒரு துண்டுன்னு வச்சா?"

சாந்திக்குப் போன் தேவைப்படவில்லை. "நாலு, மாமா."

பாக்கியம் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் ஐந்தாவது துண்டைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது 'கிளிக்' என்று கழன்றது. பாதையைப் பின்விளிம்புக்கு நகர்த்தினேன். கதவின் நடுவே ஒன்றரைச் சாண் இடம் வெறுமையாகத் திறந்தது.

எட்டு நெருப்புப் பெட்டி

லயம் கட்டியது அவள்தான். நான் கல் சுமக்கும் ஆள்.

எட்டு நெருப்புப் பெட்டியை வரிசையாக ஒட்டினாள். கடதாசிப் பெட்டியின் நெளிநெளியான உள்பக்கத்தை உரித்து, கூரைத் தகரமாகப் போட்டாள். சுண்ணாம்பு தடவினாள். முன்னால் குச்சிக்கால் நட்டு இஸ்தோப்பு இறக்கினாள். லயத்து முன்வாசல் தாழ்வாரத்தைத்தான் அப்படிச் சொல்லுவோம், மழைக்காலத்தில் அரை வாழ்க்கை அதில்தான். பீலிக்கு ஒரு ஊசித் துண்டு. பீலிப் பக்கமிருந்து மூன்றாவது காம்பராவின் கதவுக்கு மட்டும் நீலம்.

"மத்தவங்க கதவு?"

"அவங்கவங்க வந்து பூசிக்கட்டும்."

லயத்தை மடியில் வைத்தபோது பக்கம் மாற்றி வைத்தேன் என்று ஏசினாள். முன்வாசல் நேர்ப்பாதையைப் பார்க்க வேண்டும், பின்வாசல் திரும்பி வரும் பாதையைப் பார்க்க வேண்டுமாம்.

"அப்பத்தானே ரெண்டு தடவ பாக்கலாம்."

"எத ரெண்டு தடவ?"

"ரயில. முன்வாசல்ல நின்னு பாப்போம். அது வளைவச் சுத்துறதுக்குள்ள லயத்தச் சுத்தி ஓடுவோம். பின்வாசல்ல அதே ரயிலு திரும்ப வரும். அதே ஆளுங்க சன்னல்ல இருப்பாங்க. மொதத் தடவ கை காட்டாதவங்ககூட ரெண்டாந் தடவ காட்டிருவாங்க."

எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ தடவை நாங்கள் அந்தப் பாதையில் ரயிலில் போயிருக்கிறோம். வட்டகொடை நெருங்கினால் சன்னல் பக்கம் கேட்டு வாங்குவாள். முதலில் முன்னால் எட்டிப் பார்ப்பாள். வளைவு சுற்றியதும் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது என்று நான் ஒவ்வொரு தடவையும் சத்தம் போடுவேன். ஏதாவது நீர்வீழ்ச்சியைத்தான் தேடுகிறாள் என்று நினைத்திருந்தேன். லயம் இடிந்த பிறகும் அப்படித்தான் இரண்டு தடவை பார்ப்பாள்.

இவ்வளவு வருசம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், ஒரு தடவைகூட என்ன பார்க்கிறாய் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ரயில் விட்டோம். சாந்தி போனைப் பிடித்து ராணிக்குக் காட்டினாள். குவைத்தில் இருந்துகொண்டு அவள், "அம்மா, மூணாவது கதவு நீலம்! மூணாவது கதவு நீலம்!" என்று கத்துகிறாள். அந்த லயத்தை அவள் பிறந்த பிள்ளையாக ஒரு தடவைதான் பார்த்தவள். அம்மா சொல்லிச் சொல்லி மகளுக்கும் நீலம் தெரிந்திருக்கிறது.

நான் கரண்ட் பெட்டியைத் திருகினேன். எஞ்சின் முனகிக்கொண்டு ஸ்டேசனை விட்டுப் புறப்பட்டது. பாதை வேலைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் தன்னை அறியாமல் விலகி நிற்பான். நானும் இரண்டு எட்டுப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றேன்.

பாக்கியம் மணையில் உட்கார்ந்து, தாடையைக் கதவின் விளிம்பில் வைத்திருந்தாள். ரயில் நேர்ப்பாதையில் நீலக் கதவைத் தாண்டியது. அவள் தலை மெதுவாக அதோடு போனது. வளைவு தொடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாங்க, பாதையில வேல செஞ்ச காலத்துல மாதிரியே ஓரமா நிக்கிறீங்க? இஸ்தோப்புக்கு வாங்க. சுருக்கா வாங்க, பின்வாசலுக்கு வரப்போவுது!"